தாவாரம் யாருக்கு உரியது?

சென்ற கார்த்திகை மாதத்தில் ஒரு பிற்பகல். பாடசாலை முடிந்து துவிச்சக்கர வண்டியில் வீடு திரும்பிக்கொண்டிருந்த நம்மைப் பெருமழை வழியில் மறித்தது. தெருவோடு ஒட்டி ஒரு பழைய ஓட்டு வீடு நின்றது. அதன் கூரை சுவரைக் கடந்து மூன்றடி அளவுக்கு வெளியே நீண்டிருந்தது. வண்டியைச் சுவரிற் சாத்திவிட்டு அதன் கீழ் ஒதுங்கினோம். நமக்கு முன்னரே ஒரு மூதாட்டி அங்கே நின்றார். காலடியில் விறகுக் கட்டு. கையில் நனைந்த சும்மாட்டுத் துணி. "இஞ்சாலை தள்ளி நில்லுங்கோ தம்பி, அங்காலை தூவானம் அடிக்கும்" என்று சொல்லித் தாம் ஓரமாக நகர்ந்து, நனையாத இடத்தை நமக்கு விட்டார்.

சற்று நேரத்தில் யன்னல் திறந்தது. வீட்டுக்காரரின் மகன் ஒரு காலத்தில் நம்மிடம் படித்தவன். ஆகவே அவர் நம்மை அடையாளம் கண்டுகொண்டார். "என்ன மாஸ்ரர், வெளியிலை நிண்டு நனையிறியள்? உள்ளுக்கு வாங்கோ" என்று கதவைத் திறந்தார். நாம் உள்ளே சென்றோம். கதிரை தந்தார், தேநீர் வந்தது, மகனுடைய பரீட்சைப் பெறுபேறு பற்றிப் பேசினோம். மழை முக்கால் மணி நேரம் பெய்தது. மூதாட்டி வெளியே நின்றார். அவரை எவரும் விரட்டவில்லை, எவரும் அழைக்கவுமில்லை.

மழை தணிந்து வெளியே வந்தபோது அவரைக் காணவில்லை. மழை முற்றாக விடுமுன்னரே விறகைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்துவிட்டார் போலும். சுவரோரத்தில் விறகுக் கட்டு இருந்த இடம் மட்டும் உலர்ந்திருந்தது.

வீட்டுக்காரர் தீயவர் அல்லர். கேட்டால், 'தாவாரத்திலே நிற்க விட்டேன்தானே' என்பார். அது உண்மையுமாகும். நாமும் அந்நேரத்தில் நம்மைத் தீயவராக உணரவில்லை. இருந்தும் அன்று தொட்டு ஒரு கேள்வி நம்மை விட்டு நீங்கவில்லை. தாவாரம் என்பது யாருக்கு உரியது? கட்டியவனுக்கா, அதன் கீழ் நிற்பவனுக்கா? அதன் கீழ் ஒருவரை நிற்க விடுவது அறமா, அல்லது உள்ளே அழைக்காமல் இருப்பதற்கு நாம் கண்டுபிடித்த வசதியா? விடை காண்பதற்கு முதலில் தாவாரம் எத்தகைய பொருள் என்பதைப் பார்த்தல் வேண்டும்.

தமிழில் இவ்வுறுப்புக்குப் பழைய பெயர்கள் உண்டு. சங்கச் செய்யுள்களில் 'இறை' எனப்படுவது இதுவே. மனையில் உறையும் குருவி தன் குஞ்சுகளோடு இறையிலே தங்கும் மாலைப்பொழுதைக் குறுந்தொகைச் செய்யுளொன்று காட்டும். இறவாரம், இறப்பு என்னும் சொற்களும் வழங்கின. தாழ்வாரம் என்பது யாழ்ப்பாணத்துப் பேச்சில் தாவாரம் ஆயிற்று.

நம்மூர் வீடுகளின் சுவர் நெடுங்காலம் மண்ணாலானது. மண்சுவருக்கு மழை இருவகையிற் பகை. மேலிருந்து வழியும் நீர் சுவரின் முகத்தைக் கரைக்கும்; நிலத்தில் விழுந்து தெறிக்கும் நீர் அதன் அடியை அரிக்கும். அடியைக் காப்பதற்கு நம் முன்னோர் குந்து கட்டினர். முகத்தைக் காப்பதற்குக் கூரையை நீட்டினர். யாழ்ப்பாணத்தில் ஐப்பசி தொடக்கம் மார்கழி வரையான மூன்று மாதங்களில் ஆண்டு மழையின் பெரும்பகுதி பெய்து தீர்ந்துவிடுகின்றது. அம்மூன்று மாதமும் தாவாரம் இல்லாத மண்வீடு அடுத்த ஆண்டைக் காணாது.

வெயிலுக்கும் அதுவே காப்பு. வடபுலத்தில் ஞாயிறு ஆண்டில் இருமுறை உச்சிக்கு நேரே வரும். மிகச் சாய்ந்து நிற்கும் மார்கழி மாதத்திலும் நண்பகலில் ஏறத்தாழ 57 பாகை உயரத்தில் நிற்கும். ஆகவே மூன்றடி நீண்ட தாவாரம் தென்புறச் சுவரில் நாலரை அடிக்கு நிழல் தரும். கிழக்கிலும் மேற்கிலும் ஞாயிறு தாழ்ந்து வருவதால் அங்கே மூன்றடி போதாது. அப்பக்கங்களிலே கூரையை மேலும் இறக்கித் தூண் நிறுத்தித் திண்ணை அமைத்தனர். திண்ணை என்பது நன்றாக வளர்ந்துவிட்ட தாவாரமே.

அதனைக் கட்டுவதிலும் முடிப்பதிலும் பெரு நுட்பம் உண்டு. கிடுகாலோ பனையோலையாலோ வேயும்போது வேலை தாவாரத்தில் தொடங்கி முகட்டை நோக்கி ஏறும். மேல் வரிசை கீழ் வரிசையின்மீது படிய வேண்டும் அன்றோ? முதல் வரிசையைத் தடிப்பாக, இரட்டையாக இடுவர். கூரை முழுவதிலும் விழுந்த நீர் அந்த ஒரு வரிசையைக் கடந்தே நிலத்தை அடையும். முதலில் உக்குவதும் அதுவே. வேய்ந்து முடிந்தபின் நூல் பிடித்து விளிம்பை ஒப்பரவாக வெட்டுவர். விளிம்பு ஒழுங்கற்றிருந்தால் நீர் ஓரிடத்திலே திரண்டு விழுந்து நிலத்தைக் குழியாக்கும்.

ஓட்டுக் கூரையில் இந்நுட்பம் வேறு வடிவம் கொள்ளும். கைமரங்களின் நுனி சுவரைக் கடந்து நீள்கின்றது. மேலுள்ள ஒவ்வோர் ஓடும் தனக்குக் கீழுள்ள ஓட்டின்மேற் சாய்ந்திருக்க, கடைசி வரிசைக்குச் சாய்வதற்கு ஒன்றுமில்லை. ஆகவே விளிம்பில் அடிக்கும் சலாகை மற்றவற்றைவிட ஓர் ஓட்டின் கனமளவு உயர்ந்திருத்தல் வேண்டும். இல்லையேல் கடைசி வரிசை தலை கவிழ்ந்து நிற்கும். கைமர நுனிகளை மறைத்துப் பலகை அடிப்பர். ஓடு அப்பலகையைக் கடந்து இரண்டு விரலளவேனும் வெளியே நிற்க வேண்டும். பலகையோடு ஓடு நின்றுவிட்டால் நீர் பின்புறமாக ஊர்ந்து சென்று கைமரத்தின் நுனியை உக்கச் செய்யும். கொங்கிறீற்றுத் தட்டிலும் இதே விதி உண்டு. தட்டின் அடிப்புறத்தில், விளிம்புக்குச் சற்று உள்ளே, விரலகலத்தில் ஒரு தவாளிப்பு இடுதல் வேண்டும். நீர் பொருளோடு ஒட்டி ஊரும் இயல்புடையது; அத்தவாளிப்பை அடைந்ததும் அது மேற்கொண்டு ஊர மாட்டாமல் சொட்டாகி விழுகின்றது. கட்டுகிறவர்கள் அவசரத்தில் விட்டுவிடும் இச்சிறு பள்ளத்தினாலேயே எத்தனையோ சுவர்கள் கறுத்துப் பூஞ்சணம் பிடித்து நிற்கின்றன.

நீளத்துக்கும் ஓர் எல்லை உண்டு. தாவாரத்தை அளவின்றி நீட்டினால் பெருங்காற்று அதன் கீழ்ப் புகுந்து கூரையையே தூக்கும். 1978 நவம்பரில் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியில் கூரையிழந்த வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நீட்டுவதற்கு ஏற்பக் கைமரத்தைச் சுவரோடு இறுகக் கட்ட வேண்டும் என்பது தச்சர் அறிந்த பாடம்.

இவ்வளவும் சொன்னதன் காரணம் ஒன்றுண்டு. மேற்கூறியவற்றுள் எங்காவது வழிப்போக்கன் வந்தானா? வரவில்லை. தாவாரம் சுவருக்காகக் கட்டப்படுகின்றது. மழைக்கு ஒதுங்குபவனுக்குக் கிடைக்கும் நிழல், சுவரைக் காக்கும் முயற்சியில் தற்செயலாக விளைந்த பயன். ஆயின் வீட்டுக்காரனுக்கு இதிலே புண்ணியம் உண்டா?

ஜெர்மானிய மெய்யியலாளர் கான்ற் இல்லையென்பார். கடமை என்னும் உணர்வினாற் செய்யப்படாத செயலுக்கு, அதன் விளைவு எவ்வளவு நல்லதாயினும், அறப்பெறுமதி இல்லை என்பது அவர் கொள்கை. பயன்பாட்டுவாதிகள் நேர்மாறாகச் சொல்வர்: நனையாமல் ஒருவர் நின்றார், அது போதும், நோக்கத்தைக் கிளறுவானேன் என்பர். இரு சாராரும் வீட்டுக்காரனையே பார்த்துக்கொண்டிருக்கின்றனர் என்பதே நம் குறை. ஓலை வெட்டியவர், கிடுகு பின்னிய பெண்கள், சூளையில் ஓடு சுட்டவர், கைமரம் அறுத்தவர், கூரைமேல் ஏறி நின்றவர் ஆகிய எல்லோருடைய உழைப்பும் சேர்ந்தே தாவாரம் ஆயிற்று. அதன் கீழ் விறகுக் கட்டோடு நிற்பவர் அவ்வுழைப்பாளரின் இனத்தவர். அவருக்கு அங்கு நிற்க இடமளிப்பது தானம் என்றால், தானம் கொடுப்பவர் யார், வாங்குபவர் யார்?

இக்கேள்வி இந்நாட்டில் மிகப் பழையது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டளவில் தொடங்கி மிகிந்தலை முதலிய இடங்களிலே பௌத்த துறவிகள் உறைவதற்குக் கற்குகைகள் திருத்தப்பட்டன. இயற்கைப் பாறையின் நெற்றியில் வழியும் மழைநீர் உள்ளே ஊர்ந்து வராதபடி, குகை வாயிலுக்கு மேலே பாறையில் நீண்ட விளிம்பொன்றை வெட்டினர். சிங்களத்தில் அதனைக் கட்டாரம் என்பர். நம் கொங்கிறீற்றுத் தட்டின் அடியில் இடும் தவாளிப்புக்கும் அதற்கும் தத்துவம் ஒன்றே. இத்தீவில் இன்றும் நின்று நிலைக்கும் மிகப் பழைய தாவாரம் அதுவென்று கொள்ளலாம்.

அவ்விளிம்பின் கீழே, மழை படாத இடத்தில், குகையைக் கொடுத்தவரின் பெயரைப் பிராமி எழுத்திற் பொறித்தனர். அவ்வகைச் சாசனங்கள் ஆயிரத்துக்கு மேல் கிடைத்துள்ளன. வவுனியாவைச் சேர்ந்த பெரியபுளியங்குளத்துச் சாசனத்திலே விசாகன் என்னும் தமிழ் வணிகனின் பெயரும் காணப்படுகின்றது. பல சாசனங்களில் வரும் ஒரு வாய்பாடு நம் கவனத்துக்குரியது. வந்தவரும் இன்னும் வராதவருமான நாற்றிசைச் சங்கத்தார்க்கு இக்குகை உரியது என்பதே அதன் பொருள். இன்னும் வராதவனுக்கு ஒரு நிழலை உரிமையாக்கி வைப்பது உயர்ந்த எண்ணம் என்பதில் ஐயமில்லை. கொடுத்தபின் அது கொடுத்தவனுடைய தயவில் தங்கியிருக்கவில்லை. வருகிறவன் எவனாயினும் கைகூப்பி நிற்க வேண்டியதில்லை.

எனினும் உண்மையின் மறுபுறத்தையும் சொல்லியாக வேண்டும். அந்நான்கு திசையிலிருந்தும் வரக்கூடியவர் துறவிகளே. குடியானவனுக்கு அது பொருந்தவில்லை. கொடுத்தவரின் பெயர் கல்லில் இருக்கின்றது. பாறையில் ஏறி நின்று, உளியால் அந்நீண்ட விளிம்பை வெட்டிய கற்றச்சரின் பெயர் அங்கே பொறிக்கப்படவில்லை.

சட்டமும் தாவாரத்தைப் பற்றி நெடுநாட் சிந்தித்திருக்கின்றது. உரோமர் சட்டத்திலே, ஒருவனுடைய கூரையிலிருந்து சொட்டும் நீரை அயலவனின் நிலம் ஏற்றுக்கொள்ளும் கடப்பாடு தனியொரு உரிமையாக வகுக்கப்பட்டிருந்தது. நம் நாட்டின் பொதுச் சட்டமாகிய உரோம டச்சுச் சட்டமும் அதை அறியும். வேலிக்காகவும் எல்லைக்காகவும் தலைமுறை தலைமுறையாக வழக்காடும் யாழ்ப்பாணத்தாருக்குத் தாவாரத் தண்ணீர் எங்கே விழுகின்றது என்பது சிறிய விடயமன்று. நிலத்துக்கு உடையவன் வானம் வரைக்கும் உடையவன் என்னும் கோட்பாட்டின்படி பார்த்தால், எல்லையைக் கடந்து ஒரு சாண் நீண்ட கூரையும் அத்துமீறல் ஆகும்.

ஆனால் அதே உரோமர் சட்டத்தில் வேறொரு விதியும் உண்டு. மக்கள் நடந்து செல்லும் இடத்துக்கு மேலோ, அவர்கள் நிற்கும் இடத்துக்கு மேலோ உள்ள தாவாரத்தில், விழுந்தால் ஊறு செய்யக்கூடிய எப்பொருளையும் வைத்திருத்தல் ஆகாது என்று நீதிபதியின் கட்டளை கூறிற்று. பொருள் விழுந்து காயம் பட்ட பின்னரன்று, வைத்த உடனேயே அது குற்றம். இவ்விதியில் 'நிற்கும் இடம்' என்ற குறிப்பு நம்மைக் கவர்கின்றது. தாவாரத்தின் கீழ் மனிதர் நிற்பர் என்பதை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே சட்டம் ஏற்றுக்கொண்டது. அங்கு நிற்பவனைக் களவாக நுழைந்தவனாக அது கருதவில்லை. அவனுடைய தலைக்கு வீட்டுக்காரன் பொறுப்பாளி. உடைமை தன் விளிம்பிலே பொறுப்பாக மாறுகின்றது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லல் அரிது.

ஆங்கில மரபிலோ தாவாரத்தின் கீழ் நிற்பவன் வேறு வகையில் நினைக்கப்பட்டான். கூரைச் சொட்டு விழுமிடத்தில் நின்று உள்ளே பேசுவதை ஒட்டுக் கேட்பவனுக்கு அம்மொழியில் வழங்கும் பெயரே தாவாரச் சொட்டை வைத்துப் பிறந்தது. பதினெட்டாம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் பிளக்ஸ்ரன் அத்தகையோரைப் பொதுத் தொல்லைகளுள் ஒன்றாக எண்ணினார். ஒரே இடத்தில் நிற்பவனை ஒரு சட்டம் காக்கப்படவேண்டியவனாகக் கண்டது. மற்றொன்று சந்தேகத்துக்குரியவனாகக் கண்டது. நாம் எவ்வாறு காண்கின்றோம்?

நம் மரபைப் போற்றுவோர் உடனே விடை சொல்வர். யாழ்ப்பாணத்துச் சங்கடப்படலையைக் காட்டுவர். வேலி வாயிலுக்கு மேலே சிறு கூரை; இருபுறமும் குந்து; வெயிலிலோ மழையிலோ சங்கடப்பட்டு வருபவன் இருந்து இளைப்பாறிப் போகலாம்; ஆதலின் அப்பெயர் வந்தது என்பர். பருத்தித்துறையில் உள்ள தெருமூடிமடத்தைக் காட்டுவர். தெருவின் இருமருங்கும் கற்றூண் நிறுத்தித் திண்ணை அமைத்து, தெருவையே கூரையால் மூடிய கட்டடம் அது. வழிப்போக்கன் கதவைத் தட்டாமலே, தன் வழியை விட்டு விலகாமலே நிழலை அடைகின்றான். சுமைதாங்கி, ஆவுரஞ்சிக் கல், கேணி, மடம் என்று நம் தெருக்களில் இருந்தவற்றை அடுக்கி, 'எத்தகைய பண்பாடு!' என்று வியப்பர்.

நாமும் வியக்கின்றோம். ஆனால் வியப்போடு நின்றுவிட்டால் அரை உண்மையையே சொன்னவராவோம். அதே யாழ்ப்பாணத்தில் சாதியினால் ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தாவாரம் என்ன பொருள் தந்தது? அது அவர்கள் வரக்கூடிய கடைசி எல்லை. முற்றத்தில் நின்று கூலியைப் பெறலாம், மழை வந்தால் தாவாரத்தில் ஒதுங்கலாம், திண்ணையில் ஏறலாகாது, கதவு என்பது அவர்களுக்காக அமைந்ததன்று. உயர்சாதியாருக்கு நீர் சொட்டும் கோடு சுவரைக் காக்கும் கோடு. ஒடுக்கப்பட்டோருக்கு அது மனிதரைப் பிரிக்கும் கோடு. தேநீர்க் கடைகளிலும் அவ்வாறே. உள்ளே வாங்கில் சிலருக்கு; வெளியே தாவாரத்தின் கீழ் நின்று, வேறு பாத்திரத்தில் வாங்கிக் குடிப்பது சிலருக்கு. கடைக்காரன் அவர்களுக்குத் தேநீர் மறுக்கவில்லை. கொடுத்தான். வெளியே வைத்துக் கொடுத்தான்.

1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் கடை, பாடசாலை, கோயில் முதலிய பொது இடங்களிற் சாதியின் பெயரால் தடுப்பதைக் குற்றமாக்கிற்று. சட்டம் எழுதப்பட்டதும் கதவு திறக்கவில்லை. 1966 ஒக்ரோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து ஊர்வலம் புறப்பட வேண்டியிருந்தது; அடி வாங்க வேண்டியிருந்தது; அதன்பின் தேநீர்க் கடைகளிலும், 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாயிலிலும் போராட வேண்டியிருந்தது. அப்போராட்டங்களில் நின்றோர் கேட்டது பெரிய தாவாரத்தை அன்று. வாயிலைக் கேட்டனர்.

இங்கே தாவாரத்தின் அறம் தன் எல்லையைக் காட்டிவிடுகின்றது. ஒருவனை உள்ளே விடாமலே அவனுக்கு நன்மை செய்யத் தாவாரம் இடமளிக்கின்றது. அதனாலேயே அது மனச்சாட்சிக்கு இதமானது. விரட்டினால் குற்றவுணர்வு வரும். அழைத்தால் வீட்டின் ஒழுங்கு மாறும். நிற்க விட்டால் இரண்டும் நேர்வதில்லை. நம் சமுதாயத்தின் தருமங்களிற் பல இவ்வகையின என்பதை வாசகர் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அன்னதானப் பந்தி, பழைய உடுப்பு, பண்டிகைக் காசு, யாவும் தாவார தருமங்களே. நனைபவனுக்கு அவை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. மழையில் நிற்பவனிடம் போய்த் தத்துவம் பேசுவது கொடுமை. கொடுப்பவன் அவற்றோடு தன் கணக்கை முடித்துக்கொள்வதையே குறை கூறுகின்றோம்.

மலைநாட்டுக்குச் சென்றால் இதே உறுப்பு மற்றொரு பெயரில் நிற்கக் காண்கின்றோம். தோட்டத்து லயங்களில் அறைக்கு முன்னுள்ள சிறு தாழ்வாரத்தை இஸ்தோப்பு என்பர். டச்சுக்காரர் விட்டுச் சென்ற சொல் அது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையொன்று, முன்னே ஓர் இஸ்தோப்பு: தேயிலைக்குத் தம் உடலைக் கொடுத்த ஒரு குடும்பத்துக்குத் துரைமார் அளந்து வைத்த உலகம் இவ்வளவே. பிள்ளைகள் வளர, மகனுக்கு மணமாக, அறை போதாமல் இஸ்தோப்பை அடைத்தனர். சிலருக்கு அது அடுக்களை ஆயிற்று. சிலருக்குப் படுக்கையறை ஆயிற்று. யாழ்ப்பாணத்தில் வழிப்போக்கன் இருக்கும் இடம், மலையகத்தில் வீட்டுக்காரனே படுக்கும் இடம். தாவாரத்தைப் பிறருக்கு விடுவதற்கு முதலில் உள்ளே இடம் வேண்டும். தயாள குணம் என்று நாம் புகழ்வதன் கீழே நிலமும் கூரையும் எவ்வாறு பங்கிடப்பட்டன என்னும் கணக்குக் கிடக்கின்றது.

போரின் பின்னர் வடக்கு கிழக்கிலே கட்டப்பட்ட வீடுகளைப் பார்க்கும்போதும் இதுவே தோன்றுகின்றது. இந்திய உதவித் திட்டத்தின் கீழ் வடகிழக்கிலே ஒரு குடும்பத்துக்கு 5,50,000 ரூபா வழங்கப்பட்டது. மக்கள் தாமே நின்று கட்டினர். பெறுமதியான உதவிதான். ஆயினும் சீமெந்தும் மரமும் விலை ஏறிய அந்நாட்களில் அத்தொகைக்குள் வீட்டை முடிக்கப் பலர் பட்ட பாடு நாம் அறிந்ததே. நாம் படிப்பிக்கும் பிள்ளைகளின் வீடுகளிற் சிலவற்றுக்குச் சென்றிருக்கின்றோம். பணம் முடிந்த இடத்திலே கூரையும் முடிந்திருக்கின்றது. சுவரின்மேல் அரையடி கடந்து தகடு நின்றுவிட, மாரியில் யன்னலைத் திறக்க முடியாது. கோடையில் சுவரைத் தொட முடியாது. வீட்டின் பரப்பை அளந்து காசு கொடுக்கும் எந்தத் திட்டமும் சுவருக்கு வெளியே உள்ளதை வீடாக எண்ணுவதில்லை. 2016இல் அரசாங்கம் 65,000 உருக்கு வீடுகளை அமைக்க முன்வந்தபோது, அவை நம் வெப்பத்துக்கும் வாழ்க்கைக்கும் ஒவ்வாதவை என்று கட்டடக் கலைஞரும் பொதுமக்களும் எதிர்த்ததன் காரணமும் இதுவே: வீடு என்பது அடைத்த பெட்டி அன்று.

அதேவேளை, பணமுள்ள இடத்திலே தாவாரம் மீண்டும் நீள்கின்றது. 1982இல் கோட்டையிலே திறக்கப்பட்ட பாராளுமன்றத்துக்கு ஜெஃப்ரி பாவா அமைத்த அகன்று இறங்கும் செப்புக் கூரையை அறிவோம். அவருடைய வழியிலே கட்டப்பட்ட விடுதிகளில் ஆழ்ந்த நிழலும் ஓட்டிலிருந்து விழும் மழைத் தாரையும் உல்லாசப் பயணிகளுக்கு இன்பக் காட்சிகள். அக்கலைஞரின் மேதையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் நம் பாட்டனார் வெறும் ஓலையாற் பெற்ற நிழல் இன்று இரவொன்றுக்கு இத்தனை டொலர் என்று விற்கப்படுகையில், அவருடைய பேரன் தகட்டின் கீழ் வேகின்றான் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆயின் தாவாரம் யாருக்கு உரியது? நாம் கண்டவரையில் விடை இதுதான். பேணுவதற்கு அது வீட்டுக்காரனுக்கு உரியது. நிற்பதற்கு அது வருபவனுக்கு உரியது. முதலாவது கடமை, இரண்டாவது உரிமை. உரிமையைத் தயவாகக் கொடுத்து அதற்குப் புண்ணியம் தேடுவது பிழை. அவ்வுரிமை மட்டுமே போதும் என்று நினைப்பதும் பிழை; ஏனெனில் தாவாரத்துக்கு உட்புறத்தில் ஒரு கதவு இருக்கின்றது.

திருக்கோவலூர்க் கதையைத் தமிழ் படித்தோர் அறிவர். மழை இரவு ஒன்றில் இடைகழி ஒன்றிலே ஓர் ஆழ்வார் படுத்திருந்தார். இன்னொருவர் வந்து இடம் கேட்க, ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம் என்று எழுந்திருந்தார். மூன்றாமவர் வந்தார். ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்று மூவரும் நின்றனர். பின்னர் நான்காமவராக இறைவனே வந்து நெருக்கினான் என்பது சமயத்தார் கூறும் முடிவு. அம்முடிவை நம்புவோர் நம்பட்டும். நமக்கு அக்கதையின் உயிர் இரண்டாமவர் வந்த கணத்திலே இருக்கின்றது. இடைகழி வளரவில்லை. படுத்திருந்தவர் எழுந்தார். இடம் என்பது சுவர்களின் அளவிலே மட்டும் தங்கியதன்று, உள்ளே இருப்பவன் எவ்வாறு கிடக்கின்றான் என்பதிலும் தங்கியது என்பதை இதைவிட எளிமையாக எடுத்துக் கூற முடியாது.

அன்று மழையில் அக்கதையை நடத்திக் காட்டியவர் யார்? நனையாத இடத்தை நமக்கு விட்டு ஓரத்துக்கு நகர்ந்த மூதாட்டி. அவருக்குச் சொந்தமாக அங்கே ஓர் ஓடும் இல்லை. தமிழ் இலக்கியத்திற் பட்டம் பெற்று, அக்கதையை வகுப்பிலே உருக்கமாகச் சொல்லிக் கொடுக்கும் நாம் கதிரையில் இருந்து தேநீர் குடித்தோம். "ஆச்சியையும் கூப்பிடுங்கோ" என்ற இரு சொற்களைச் சொல்வதற்கு நமக்கு எத்தடையும் இருக்கவில்லை. வீட்டுக்காரர் மறுத்திருப்பாரா என்பது நமக்குத் தெரியாது. மறுக்கும் சந்தர்ப்பத்தையே நாம் அவருக்குக் கொடுக்கவில்லை. அவர் மறுத்திருந்தால் மீண்டும் வெளியே வந்து நின்றிருக்கலாம். அம்மூன்றடி நிழலில் இருவருக்கு இடம் இருந்தது.

ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவர்களுக்கும் சொல்ல வேண்டியவை இரண்டு. முதலாவது, பொதுக் கட்டடங்களைப் பற்றியது. நம் பாடசாலைகளுக்குப் புதிய மாடிகள் வருகின்றபோது, செலவைக் குறைக்க வேண்டி முதலில் வெட்டப்படுவது கூரையின் நீட்சியும் விறாந்தையும். பிள்ளைகள் யன்னலோரத்து மேசைகளை நடுவில் இழுத்து வைத்து மாரியைக் கழிக்கின்றனர். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்திலே வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பார்ப்போம். தாவாரம் எத்தனை அடி, நீர் எங்கே விழும், வாயிலுக்கு வெளியே காத்து நிற்கும் தாய்மாருக்கு நிழல் உண்டா என்று கேட்போம். பேருந்துத் தரிப்பிடம், சந்தை, வைத்தியசாலை வாயில் ஆகியவற்றிலும் இக்கேள்விகளைக் கேட்டுக்கொண்டே இருப்போம். அங்கெல்லாம் நிழல் எவருடைய தருமமும் அன்று. அதைப் பெறுவது மக்களின் உரிமை.

இரண்டாவது, நம் வீடுகளைப் பற்றியது. அதற்குச் சங்கமும் கூட்டமும் வேண்டியதில்லை. அடுத்த மாரியில் நம் தாவாரத்தில் யாரேனும் வந்து ஒதுங்குவர். அவர் யார், எந்தப் பகுதி, யாருடைய ஆள் என்று மனம் வழக்கம்போல் விசாரிக்கத் தொடங்கும். அவ்விசாரணை முடியுமுன் எழுந்து போய்க் கதவைத் திறந்து, "உள்ளுக்கு வாங்கோ" என்று சொல்லிவிட வேண்டும்.